நானும் அப்பாவும் ஒரே ஆள்

வெளிநாட்டிலிருந்து எனக்கு ஒரு கருத்தரங்கு அழைப்பு வந்தது. ‘மதிப்பிற்குரிய டாக்டர்’ என்று தொடங்கி, அடுத்து அப்பாவின் பெயரைப் போட்டிருந்தார்கள். அப்பா உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் திராட்சைப் பந்தல் போட்டிருப்பவர். முனைவர் பட்டம் வாங்கியவள் நான்.

நம் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக முன்னால் நின்றுகொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கும். ஆய்விதழ்க்காரர்களுக்கு அது போதாது. குடும்பப் பெயர் என்ன என்று குடைவார்கள். முதல் கட்டுரையை அனுப்பியபோது வேறு வழியில்லாமல் இனிஷியலை விரித்து எழுதினேன். அன்றிலிருந்து அப்பாவின் பெயர் முழுசாக அச்சேறியது. என் பெயர் அதன் பக்கத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியது. என் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினாலும் அடைப்புக்குறிக்குள் அப்பாதான் உட்கார்ந்திருப்பார்.

கல்யாணத்துக்குப் பிறகு கல்லூரிப் பதிவில் கணவரின் இனிஷியல் ஏறியது. பிந்தைய கட்டுரைகள் சில அந்தப் பெயரில் வந்தன. மேற்கோள்களை எண்ணும் இணையதளங்களுக்கு நான் இரண்டு ஆள் ஆகிப்போனேன். இணைப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் வரும்வரை அது யாரையும் உறுத்தவில்லை. அந்தப் பதவி கிடைத்தால்தான் ஆய்வகம் என் பொறுப்புக்கு வரும், தோட்டத் தொழிலாளர்களின் ரத்தப் பரிசோதனையைத் தொடர முடியும்.

குழுத் தலைவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

“உங்க பேர்ல கொஞ்சம்தான் இருக்கு மேடம். அதிகமா மேற்கோள் ஆனதெல்லாம் இவர் பேர்ல இருக்கு. இவர் யாரு?”

“எங்க அப்பா சார்.”

“அவரும் இதே துறையா?”

“திராட்சை போடுறார் சார்.”

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்பதற்கு ஆதாரம் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பூச்சிமருந்து அடிப்பவர்களின் ரத்தத்தில் ஒரு நொதி குறைந்துபோகும். இத்தனை வருடமாக அதைத்தான் அளந்துகொண்டிருந்தேன். சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போகும் அந்தப் பாதையில், ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இடுப்பு கழன்றுபோகிற மாதிரி ஏலத்தோட்டங்களுக்குப் போய்வந்தவள் நான். முதல் கட்டுரைக்கு முதல் ஆளாகக் கையை நீட்டி ரத்தம் கொடுத்தவர் அப்பா. அந்தக் கட்டுரையை எழுதியது யார் என்று என்னிடமே கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரு பெயரும் ஒருவரே என்று சான்று வாங்கலாம் என்று தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையான மனிதர். கட்டுரையின் பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது உங்க அப்பா பேருல்லம்மா? நீங்களும் உங்க அப்பாவும் ஒரே ஆளுன்னு நான் எப்படி எழுதித் தர்றது? அதுவும் போக, உங்க பேரு இங்கன இனிஷியலா நிக்குது. இதும்படி பாத்தா நீங்கதான் உங்க அப்பாவுக்கு அப்பா.”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது.

அப்பா வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

“எல்லாத்துக்கும் மாப்பிள்ளை இனிஷியலையே போட்டுக்க ஆத்தா. என் பேரு எதுக்கு? வேலைதான முக்கியம்?”

செல்போனில் ஒரு கட்டுரையைத் திறந்து அவரிடம் நீட்டினேன். வேறொரு நாட்டில், வேறு யாரோ, அங்குள்ள திராட்சைத் தோட்டக்காரர்களைப் பற்றி எழுதியது. அடைப்புக்குறிக்குள் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“இங்கன இருக்கிறது நானா?”

“நீங்கதாம்ப்பா.”

இன்னொரு தடவை படித்தார். பிறகு, மோட்டார் போடணும் என்று எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

நான் விடுவதாக இல்லை. ஆய்வாளர்களுக்கென்று தருகிற அடையாள எண்ணை வாங்கி, இரண்டு பெயர்க் கட்டுரைகளையும் அதன் கீழ் சேர்த்தேன். ஒவ்வொரு இதழுக்கும் எழுதினேன். பதில் போடாதவர்களுக்குத் திரும்ப எழுதினேன். அச்சானதை மாற்ற முடியாது என்று ஒரு பதிப்பாசிரியர் கறாராகச் சொன்னார். மாற்ற வேண்டாம், எழுதியவள் நான்தான் என்று மட்டும் சொல்லுங்கள் என்று பதில் போட்டேன். சொன்னார். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

அவ்வளவையும் குழுவின் முன்னால் வைத்தேன். தலைவர் நிதானமாகப் படித்துவிட்டு, “இனிமே எந்தப் பேர் மேடம்?” என்று கேட்டார். அப்பாவின் இனிஷியலோடு என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

உத்தரவு வந்தது. பதவி கிடைத்துவிட்டது, ஆய்வகமும் என் பொறுப்பில். என் பெயருக்கு முன்னால் மட்டும் கணவரின் இனிஷியல். பழைய பதிவைப் பார்த்து அப்படியே டைப் அடித்துவிட்டார்கள். சந்தோஷம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கமாக அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“கிடைச்சிருச்சுப்பா. உங்க பேரைத்தான் விட்டுட்டாக.”

வேலைதான முக்கியம் என்று மறுபடி சொல்வார், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“அதெப்படி விடுவாக?” என்றார் அப்பா. “எங்கயோ இருக்கவக எல்லாம் என் பேரைப் போடுறாக, இங்கன இருக்கவகளுக்கு என்ன? நாளைக்கே போயி மாத்திட்டு வா ஆத்தா.”