மேட்டுக்கொல்லைக் கிணறு

முப்பது வயது முடிவதற்குள் தாட்சாயணிக்குத் தோள்பட்டை விட்டுப்போனது. புருஷன் கன்னையா கிணற்றுக்குள் இறங்கிக் கடப்பாரையால் பாறையை உடைப்பான். இவள் மேலே நின்று கூடை கூடையாக இழுத்துக் கொட்டுவாள். மூன்று கோடையாக இதே பிழைப்பு. கொட்டிய கல்லெல்லாம் சேர்ந்து பக்கத்தில் ஒரு சிவப்புக் குன்றே எழும்பிவிட்டது. கிணற்றில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

சத்தியவேட்டுப் பக்கத்தில் இருந்த அந்த மேட்டுக்கொல்லை அவளைப் பெற்ற நைனா கொடுத்தது. கன்னையா அத்தை மகன்தான். ஆரணி ஆற்றங்கரையில் பிறந்து, கல்யாணத்தோடு இங்கே வந்து தங்கிவிட்டவன். ஆற்றங்கரைக்காரர்களுக்கு ஊற்றுத் தோண்டுவதில் ஒரு கணக்கு உண்டு. மணலைத் தள்ளிக்கொண்டே போனால் உருண்டைக் கூழாங்கல் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அதற்குக் கீழேயே தண்ணீர். அந்தக் கணக்கை அப்படியே மேட்டுக்குக் கொண்டுவந்தான். இங்கே ஆளுயரம் தோண்டியதுமே கூழாங்கல் வந்தது, முட்டை அளவில், தேங்காய் அளவில். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரையே கூட்டிவந்து காட்டினான். அந்தக் கற்களெல்லாம் செம்பாறைக்குள் பதிந்து கிடந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போதும், நிறுத்து என்று சொல்ல அவளுக்கு எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வீட்டோடு வந்த மாப்பிள்ளையை ஊர் சும்மாவே ஒரு மாதிரி பார்க்கும். இந்தக் கிணறு ஒன்றுதான் அவன் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது. அதையும் பிடுங்கிவிட்டு அவள் எந்த முகத்தோடு அவனுக்குச் சோறு போடுவாள்? அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ராத்திரியில் கையை மடக்க முடியாமல் புரண்டு படுப்பாள்.

அந்த வருஷந்தான் எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்தது. திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு போனது, சத்தியவேடு ஆந்திராவோடு வந்தது. அதிகாரிகள் மாறினார்கள், பலகைகளில் எழுத்து மாறியது. வெயிலுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது, அது பழையபடியே காய்ந்தது.

புதிதாகச் சேர்ந்த நிலத்தில் என்னென்ன பாறை இருக்கிறது என்று பார்க்க நாகபூஷணம் என்ற அதிகாரி ஜீப்பில் வந்தார். கல் குவியலைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, கிணற்றை எட்டிப் பார்த்தவர், பந்தியில் உட்கார்ந்தவரைப் போல மலர்ந்துபோனார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார்.

"எனக்காகவே வெட்டி வெச்ச மாதிரி கீதய்யா. இது ஆறு. ஆத்துல உருண்டாத்தான் கல்லு இப்பிடி வழவழன்னு ஆவும். நகரி மலைக் கல்லை உருட்டிக்கினு வந்து இங்க போட்டிருக்குது."

"கேட்டியாமே? ஆறுன்றாரு," என்றான் ஜீப் சத்தம் கேட்டு மேலே வந்திருந்த கன்னையா. நல்ல கல்லாகப் பார்த்து எடுத்து வருகிறேன் என்று உடனே ஏணியில் இறங்கிவிட்டான். கொஞ்ச நேரத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டது.

தாட்சாயணி மெதுவாகக் கேட்டாள். "சார், அந்த ஆறு இப்ப எங்க கீது?"

"எங்கம்மா இருக்கும்? பத்துக் கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு. மனுஷனே அப்ப இல்ல. ஆறு செத்து, அது கொண்டாந்த மணலும் கல்லும் இறுகிப் பாறையாப் போச்சு. ஏம்மா, நீங்க கல்லுக்குத்தானே தோண்டறீங்க?"

"தண்ணிக்கு சார்."

அவர் முகம் தொங்கிப்போனது. "இங்க சிக்காதும்மா," என்றார். கன்னையா கூடையில் அனுப்பிய கற்களை வாங்கிக்கொண்டு, அவனிடம் சொல்லாமலே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கீழேயிருந்து கயிறு ஆடியது. அடுத்த கூடை நிரம்பிவிட்டது. அவள் இழுக்கவில்லை.

"இன்னாமே, இழு."

"மாமா, அந்த ஆறு செத்துப்போச்சாம். கோடி வருஷம் ஆச்சாம். தண்ணி வராதாம்."

கீழே கடப்பாரையைச் சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "தெரியும்," என்றான்.

"இன்னா தெரியும்?"

"ஆத்துக் கல்லுன்னா கையால கெளறுனா கழண்டு வரும். இது பாறையோட சேர்ந்து ஒடையுது. போன வருஷமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீதான் ஒரு நாளும் வாயைத் தொறக்காம இழுத்துக்கினு இருந்தே. உங்க நைனா நெலத்துல தண்ணி வரும்னு நீ நம்பிக்கினு கீறேன்னு நெனச்சேன். நான் எப்பிடி நிறுத்தறது?"

அவளுக்குக் கோபம் மூண்டது. பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்து அவன் மேலேயே போடலாம் போலிருந்தது. ஆனால் கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. அழுகைதான் வந்தது. கயிற்றைக் கீழே விட்டுவிட்டு, "மேல வா," என்றாள்.

அவன் ஏறி வந்தான். கல் குவியலின் நிழலில் இருவரும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவன்தான் கேட்டான்.

"நாளைக்கு இன்னா பண்றது?"

"நாளைக்கு நான் எழுந்திருக்க மாட்டேன் மாமா. நீயும் எழுந்திருக்காதே."