இடப்பக்கப் பின்கதவு

வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுச் சந்தனமாரி இரு கைகளையும் மடியில் வைத்துக்கொள்கிறார். கண்ணெதிரே மீட்டரில் எல்லா விளக்குகளும் ஒருசேர எரிகின்றன: ஆயில், பேட்டரி, என்ஜின், கைபிரேக், கதவு. பிறகு ஒவ்வொன்றாக அணைகின்றன. கடைசி விளக்கு அணையும்வரை யாரும் பேசக் கூடாது. வண்டிக்காரர் வாயைத் திறந்தால், மடியிலிருந்து ஒரு விரல் மட்டும் உயரும். அந்த விரலை மீறிப் பேசிய ஓட்டுநர் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வரையில் எவரும் இல்லை.

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், பழைய டயர்க் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே இருக்கிறது அவருடைய தகரக் கொட்டகை. வாசற்பலகையில் ‘இங்கு மீட்டர் பார்க்கப்படும்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. பெயர் இல்லை, கைபேசி எண் இல்லை. என்ஜின் இறக்குவோர், டிங்கரிங் பார்ப்போர், பெயின்ட் அடிப்போர் என்று அச்சாலையில் பலர் உண்டு. ஓட்டுநரின் முகத்துக்கு நேரே இருக்கும் அந்த ஒரு சாண் பலகையை மட்டும் பார்ப்பவர் இவர் ஒருவரே. புது வண்டிகள் இங்கே வருவதில்லை. சர்வீஸ் சென்டர்கள் கைவிரித்த பழைய வண்டிகள்தாம் வருகின்றன: முள் அசையாதவை, எண்கள் பாதி அழிந்தவை, நின்ற இடத்திலேயே நூறில் ஓடுவதாகச் சாதிப்பவை.

கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து, பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு இங்கே வேலைக்கு வந்தவர் சந்தனமாரி. கார் மீட்டர் செய்யும் ஆலை ஒன்றில் லைனின் கடைசி இடம் அவருடையது. வந்து சேரும் ஒவ்வொரு மீட்டருக்கும் கரண்ட் கொடுத்து, எல்லா விளக்குகளும் எரிகின்றனவா என்று பார்ப்பது பாதி வேலை. எல்லாம் அணைகின்றனவா என்று பார்ப்பது மீதி வேலை. “எரியுறதுல குத்தமில்ல தம்பி. அணையாம நிக்கிதுல்லா, அதுதான் குத்தம்” என்பார். அந்த லைனை மூடிவிட்டார்கள். பார்வை மட்டும் அவரோடு வந்துவிட்டது. வீட்டில் அடுப்பை நிறுத்திய பிறகும் பர்னரையே பார்த்தபடி சிறிது நேரம் நிற்பார். கல்யாண மண்டபத்தில் சீரியல் விளக்குகள் கண்சிமிட்டினால், பந்தியில் அவருக்குச் சோறு இறங்காது.

தொல்லை கொடுக்கும் விளக்கைப் பிடுங்கி எறிவதும், அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டுவதும் மற்றவர்கள் செய்யும் வைத்தியம். அவர் கொட்டகையில் அது நடவாது. “காய்ச்சல் வந்தா தெர்மாமீட்டரயா ஒடைப்பே?” என்று கேட்பார். பேய்க்கதைகளும் அங்கே எடுபடுவதில்லை. வைப்பர் தானாக ஆடுகிறது, ஆளில்லாமல் ஹாரன் அடிக்கிறது என்று கண்ணை உருட்டிக்கொண்டு வருவோருக்கெல்லாம் ஒரே பதில்தான்: “பேயும் இல்ல, பிசாசும் இல்ல. எர்த் சரியில்ல.” சொன்ன கையோடு, துருவேறிய போல்ட் ஒன்றைச் சுரண்டித் துடைத்து இறுக்கி முடுக்குவார். பேய் போய்விடும்.

அந்த மருந்துக்கு அடங்காத வண்டி ஒன்று சென்ற பங்குனியில் வந்தது.

வாலாஜாபாத்துக்காரனான சக்திகுமார், சுங்குவார்சத்திரத்து விடுதிகளில் தங்கியிருக்கும் பெண் தொழிலாளர்களை ஷிஃப்டுக்கு ஏற்றி இறக்குகிறவன். அவனுடைய பழைய வெள்ளை வண்டியின் மீட்டரில், மேலிருந்து பார்த்தாற்போல் ஒரு சின்னக் கார்ப்படம் உண்டு. எந்தக் கதவு சரியாகச் சாத்தப்படவில்லையோ, படத்தில் அந்தக் கதவு மட்டும் சிவந்து, சிறகுபோல் விரியும். கூடவே மணியும் அடிக்கும். இடப்பக்கப் பின்கதவு, சாத்தியிருக்கும்போதே படத்தில் விரிந்தது.

“ஓடிக்கினு இருக்கசொல்ல தொறக்குதுக்கா. அந்த ஓரத்துல ஒரு பொண்ணும் ஒக்கார மாட்டேங்குது. நாலு பேர ஏத்தவேண்டிய வண்டில மூணு பேரு வருது. சாயங்காலம் ட்ரிப்புக்குள்ள சரி பண்ணு, இல்லாங்காட்டி வண்டிய நிறுத்திக்கோன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. இந்த வண்டிய வுட்டா எனக்கு இன்னாக்கா கீது?”

“ஏன் ஒக்கார மாட்டேங்காளுவ?”

“இன்னாத்துக்கோ பயந்துக்குதுங்க.” அவன் பார்வை பிரியாணிக் கடைப் பக்கம் போயிற்று. “ஒரு எலுமிச்சம்பழம் கட்டட்டுமாக்கா?”

“ரெண்டா வாங்கிட்டு வா. ஜூஸ் போட்டுக் குடிப்போம்.”

அவன் வருவது அது முதல் முறையன்று. முன்பு வந்தபோது கதவுப் பூட்டுக்குள் இருக்கும் சுவிட்சை மாற்றியிருந்தார். அடுத்த முறை, கதவுக்கும் உடலுக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் வயர் உரசியிருந்ததைக் கண்டு புதிதாகச் சுற்றினார். இப்போது மீட்டரையே கழற்றி, லென்ஸ் வைத்து, சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் மறுபடியும் ஈயம் வைத்தார். கொட்டகையில் நிற்கும்போது அந்தப் படம் ஒழுங்குப் பிள்ளையாக இருந்தது. கடைசியில், சோதனைக்காக, அந்தக் கதவிலிருந்து வரும் வயரையே பிடுங்கித் தனியே மடக்கிக் கட்டினார். கதவை அகலத் திறந்து பார்த்தார். படத்தில் மூடியே இருந்தது. இனி அந்தக் கதவைக் கழற்றித் தெருவில் வீசினாலும் மீட்டருக்குத் தெரிய வழியில்லை.

“பொண்ணுங்கள கூட்டிட்டுப் போற வழியிலயே போ. நானும் வாரேன்” என்று முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார்.

வெயிலில் கண் கூசிற்று. ஒரகடத்துக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறும்வரை படம் அசையவில்லை. சுங்குவார்சத்திரம் கடைத்தெரு வருவதற்குச் சற்று முன்னால், மணி அடித்தது. சின்னக் காரின் இடப்பக்கப் பின்கதவு சிவந்து விரிந்தது.

சந்தனமாரி திரும்பிப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது, பூட்டும் விழுந்திருந்தது. ஓர இருக்கையில் யாரும் இல்லை. உறை மட்டும் சற்றே அமுங்கியிருந்தது. பழைய பஞ்சு அப்படித்தான் இருக்கும் என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

“நிறுத்து” என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் கவனித்தார்: வண்டி ஏற்கெனவே வேகம் குறைந்து, சாலையோரம் ஒதுங்கிக்கொண்டிருந்தது.

“இங்கன யாரு எறங்குவா?”

“யாரும் எறங்கறதில்லக்கா.”

“நான் சொல்லுமுன்ன ஒன் காலு பிரேக்குக்குப் போவுதே.”

சக்திகுமார் துணியை எடுத்து, தூசியே இல்லாத ஸ்டீயரிங்கைத் துடைத்தான். “முன்னாடி ஒரு பொண்ணு எறங்கும். செல்வலட்சுமின்னு. உங்க பக்கந்தான், தூத்துக்குடி. அந்த ஓரத்துலதான் ஒக்காரும். நல்லா ஒயரம். எறங்கசொல்ல எப்பவும் தலைய இடிச்சிக்கும். மத்ததுங்க சிரிக்கும்.”

“எந்த ஹாஸ்டலு?”

அவன் மோவாயால் காட்டினான். ஆறு லேன் சாலைக்கு அப்பால், மொட்டைமாடியில் சுடிதார்கள் காயும் நீலக் கட்டடம்.

“அது அந்தப் பக்கம்லா இருக்கு.”

“யூ டர்ன் எங்கியோ தள்ளி கீதுக்கா. சுத்திக்கினு வந்தா அடுத்த ட்ரிப்பு லேட்டு. எல்லா வண்டியும் இங்கதான் எறக்குது.”

“இப்ப எங்க அந்தப் புள்ள?”

கன்டெய்னர் ஒன்று கடந்தது. நின்றிருந்த வண்டி அதன் காற்றில் ஒருமுறை ஆடி அடங்கியது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“மார்கழில போய்டுச்சுக்கா” என்றான். “எறக்கிவுட்டுட்டு நான் கெளம்பிட்டேன். செம பனி. குறுக்க போனது லாரிக்காரனுக்குத் தெரியலன்னாங்க.”

சந்தனமாரிக்குப் பிடரி சில்லிட்டது. அந்தக் காற்றை அவர் அறிவார். அவரையும் கம்பெனி பஸ் எத்தனையோ நாள் இப்படித்தான், இந்தப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நடுத்திட்டில் ஏறி நிற்கும்போது, முதுகுக்குப் பின்னால் லாரி கிழித்துப்போகும் காற்று பிடரியில் மோதும். ஓடும்போது தோழிகள் யாரும் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத் தோன்றும். திரும்பினால் கால் நின்றுவிடும்.

இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு மீட்டரையே பார்த்திருந்தார். பிடுங்கிக் கட்டிய வயர் அவர் காலடியில் கிடந்தது. விளக்கு அணையவில்லை. எர்த் சரியில்லை என்று அவர் சொல்லவும் இல்லை.

“போய்த் திரும்பு” என்றார்.

“எங்கக்கா?”

“ஹாஸ்டல் வாசலுக்கு.”

“லேட்டாயிடும்க்கா. சாயங்காலம் ட்ரிப்பு…”

“ஆவட்டும்.”

கடைத்தெருவைக் கடந்து, யூ டர்ன் வரும்வரை மணி ஓயவில்லை. திரும்பிய பிறகும் ஓயவில்லை. சக்திகுமாரின் உதட்டின் மேல் வியர்வை பூத்திருந்தது. பின்கண்ணாடியைப் பார்க்காமலே ஓட்டினான். ஒரு தடவை ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மடியிலிருந்து விரல் உயர்ந்தது. மூடிக்கொண்டான்.

நீலக் கட்டடத்தின் வாசலை ஒட்டி வண்டி நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த காவலாளி, யார் வந்திருப்பது என்று எட்டிப்பார்த்தார். சந்தனமாரி இறங்கிப் பின்னால் போய், இடப்பக்கப் பின்கதவை அகலத் திறந்தார். திறந்துவிட்டு, இடது உள்ளங்கையைக் கதவுநிலையின் மேல்விளிம்பில் பொத்தினாற்போல் வைத்துக்கொண்டார், இறங்குகிறவர் தலையில் தகரம் இடித்துவிடாதபடி.

மணி நின்றது.

“அக்கா” என்றான் சக்திகுமார், முன்னிருந்து, மெல்லிய குரலில். “அணைஞ்சிடுச்சு.”

கதவு இன்னும் திறந்தே இருந்தது. விளக்கு அணைவதைப் பார்க்காமல் ஒரு வண்டியையும் விட்டு விலகாதவர், குனிந்து மீட்டரைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை விளிம்பிலிருந்து எடுக்காமலே, வழிவிடுவதுபோல் ஓரடி பின்னுக்கு நகர்ந்து நின்றார். பிறகு கையை எடுத்து, கதவை ஓசைப்படாமல் சாத்தினார்.