இடது கைக்கு ஒரு ரீல்

என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனது. அதன் பிறகு அவர் எதையும் கேட்பதில்லை. சாதம் போதுமா என்றால் தலையை மட்டும் அசைப்பார். ஒரு நாள் தொலைக்காட்சியில் கடலைக் காட்டியபோது என் கணவரைப் பார்த்து, "லூமுட்டுக்குப் போலாமாடா?" என்றார். கை நன்றாக இருந்தவரை அவர் மீன்பிடிக்கப் போகும் கடற்கரை ஊர் அது. அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் தூண்டில் நூல் சுற்றும் ரீல் தேடத் தொடங்கினேன்.

அவருடைய பழைய ரீலை வலது கையால்தான் சுற்ற முடியும். அதுவும் உப்பு தின்று இறுகிக் கிடந்தது. எனக்கோ மீனைக் கழுவ மட்டும்தான் தெரியும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கைப்பேசியில் படித்தேன். ரீலின் உடம்பு முழுக்க உலோகமாக இருக்கவேண்டும் என்றார் ஒருவர். கடல்காற்றில் அது பொரிந்துவிடும் என்றார் இன்னொருவர். உள்ளே பேரிங் நிறைய இருந்தால் நல்லது என்றது ஒரு காணொளி. பேரிங் கூடக்கூடத் துருப்பிடிக்கும் இடமும் கூடும் என்றது அடுத்தது. இரண்டையும் நம்பினேன்.

எங்கள் ஊரான ஈப்போவில் தூண்டில் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் பலமுறை போய்விட்டேன். அங்கே வேலை செய்யும் அண்ணன் சிரித்தார்.

"அக்கா, பொண்ணு பாக்கப் போனாக்கூட இந்நேரம் முடிவு சொல்லிருப்பீங்க லா."

அவரே ஒன்றை எடுத்து வைத்தார். விலை எங்களுக்குக் கட்டுப்படியானது. கைப்பிடியைக் கழற்றி இடப்பக்கமும் மாட்டலாம். உப்புநீர் உள்ளே போகாமல் மூடிக்குள் ரப்பர் வளையம் இருந்தது.

"எந்த ரீலா இருந்தாலும் வந்தவொடனே கழுவணும்க்கா. பைப்ப வேகமா தொறந்து அடிச்சிறாதீங்க, உப்ப நீங்களே உள்ள தள்ளுன மாதிரி ஆயிரும்."

லூமுட்டில் என் கணவர் படகுத்துறைக் கம்பித் தடுப்போடு ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கட்டி அதில் ரீல் மாட்டிய தூண்டில் கோலை நிறுத்தினார். தூண்டிலை அவர் வீச, மாமா இடது கையால் சுற்றினார். முதல் நாளே கைநீளத்துக்கு ஒரு கெலாமா மீன் ஏறிவந்தது. ஈப்போ வரும்வரை மாமா பேசிக்கொண்டே வந்தார். பின்னிருக்கையில் நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இந்தப் பேச்சு நின்றுவிடக்கூடாதே என்று பயந்துகொண்டே கேட்டேன்.

அதனால்தான் அந்த ரீலை அப்படிப் பார்த்துக்கொண்டேன். கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் தண்ணீர் உள்ளே போகாதபடி முன்பக்கத் திருகை இறுக்கி, குழாயை மெல்லத் திறந்து கழுவுவேன். துடைத்து, திருகைத் தளர்த்தி, நிழலில் காயவைப்பேன். கடைசியில் ரீலுக்கான எண்ணெய் ஒரு சொட்டு விடுவேன்.

"எம் பேரனுக்குக்கூட இப்படிப் பாத்துப் பாத்து எண்ணெ வச்சதில்ல நீ," என்பார் அத்தை. என் மாமியார்.

ஆயுத பூசைக்கு அத்தை வாழையிலை விரித்து, என் கணவரின் ஸ்பேனர்கள், என் மடிக்கணினி, காய் வெட்டும் கத்தி, எல்லாவற்றையும் வைத்தார். நடுவில் ரீல். சந்தனமும் குங்குமமும் பட்டு அது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அத்தை அதன் முன்னால் வெகுநேரம் கண்மூடி நின்றார்.

பிறகு குழந்தைக்குக் காய்ச்சல், தீபாவளி, விடாத மழை. பல வாரங்கள் கழித்துத்தான் லூமுட்டுக்குப் போனோம். மாமா கைப்பிடியைக் கொஞ்சம் சுற்றினார். நிறுத்தினார். மறுபடி சுற்றப்போய், கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"போதும்லா. வீட்டுக்குப் போலாம்."

காரில் ஒரு வார்த்தை இல்லை. வழியில் குழந்தை வாந்தியெடுத்தான். அன்று மட்டும் ரீலைக் கழுவாமல் வாசலிலேயே விட்டுவிட்டேன்.

மறுநாள் மாமா கரண்டியைத் தொடவில்லை. ஊட்டிவிடச் சொல்லி அத்தையிடம் வாயைக் காட்டினார். நல்ல கையும் போய்விட்டதா? பதறிப்போய்க் கிளினிக்குக்கு அழைத்துப்போனோம். டாக்டர் தம் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். இடது கை பலமாகத்தான் இருக்கிறது என்றார்.

"டாக்டரு வெரல யாரு வேணா புடிக்கலாம்," என்றார் மாமா காரில். "ரீல சுத்தச் சொல்லு, தெரியும். நம்ம கை நமக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்ததும் வாசலுக்கு ஓடிப்போய்க் கைப்பிடியைச் சுற்றிப்பார்த்தேன். மாவு பிசைவது போல இழுத்தது. கழுவாமல் விட்டதாலா? ஒரே நாளில் இப்படி ஆகுமா? கடைக்கு எடுத்துப்போனேன். அண்ணன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"என்னக்கா, தீபாவளி முடிஞ்சும் எண்ணெக் குளியல் முடியலயா?"

உள்ளே நல்லெண்ணெய் கோந்தாகியிருந்தது. பல்சக்கரத்தின் இடுக்கெல்லாம் சந்தனம். நான் எண்ணெய் விடுவதைப் பார்த்துப் பார்த்து, பூசையன்று அத்தையும் கைப்பிடியைக் கழற்றி, சாமி விளக்கு எண்ணெயை ஊற்றியிருக்கிறார். மாமாவின் கை நல்லாகவேண்டும் என்றுதான் ஊற்றியிருப்பார். வேறெதற்கு?

அண்ணன் பிரித்துக் கழுவிக் கொடுத்தார். ஒரு விரலால் தட்டினாலே சுற்றியது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். வாசலில் அத்தை.

"என்ன கோளாறாம்மா?"

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "உப்பு, அத்தை. நாந்தான் கழுவாம விட்டுட்டேன்," என்றேன். மாமா உள்ளேதான் உட்கார்ந்திருந்தார்.

மாலையில் அத்தை கோயிலுக்குப் போனதும், ரீலை மாமா முன்னால் வைத்து உள்ளதைச் சொன்னேன். எண்ணெய், சந்தனம், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப உப்புன்னே. இப்ப எண்ணெங்கிற."

"அத்தை மனசு கஷ்டப்படும்னுதான் மாமா அப்படிச் சொன்னேன்."

"இப்ப எம் மனசு கஷ்டப்படும்னு இதச் சொல்ற." கோபமில்லாமல்தான் சொன்னார். "உடும்மா. நீ நல்ல புள்ள."

"ஒரே ஒரு தடவ சுத்திப் பாருங்க மாமா. லேசா இருக்கு."

"உனக்கு லேசாத்தான் இருக்கும்."

அத்தையைக் கூப்பிட்டு அவரையே சொல்லச்சொல்லலாமா? தான் கும்பிட்டு ஊற்றிய எண்ணெய்தான் இத்தனைக்கும் காரணம் என்று தெரிந்தால் அவர் தாங்குவாரா? கணவரிடம் சொன்னேன். கொஞ்ச நாள் விட்டுப்பிடிப்போம் என்றார். மாமாவோ மூன்று வேளையும் ஊட்டிவிடத்தான் சாப்பிடுகிறார். பழக்கமில்லாமல் கிடந்தால் நல்ல கையும் இறுகிப்போகும் என்று எங்கோ படித்திருக்கிறேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

நேற்று ரீலை அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில், இடது கைக்கு எட்டும்படி, ஸ்டூலின்மேல் வைத்தேன். குழந்தை அழுததால் உள்ளே போய்விட்டேன். அவனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கைப்பிடி சுற்றுகிற சத்தம். ஒரு சுற்றுகூட இருக்காது. நின்றுவிட்டது.

எட்டிப் பார்க்கலாமா? பார்த்தால் கையை எடுத்துவிடுவாரோ? ரீல்தான் மறுபடி இறுகிவிட்டதோ? டாக்டருக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்தக் கையில் உண்மையிலேயே இருக்கிறதோ?

குழந்தையின் முதுகில் கையை வைத்தபடி, தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றேன்.