முதல் ரிசல்ட்

பிறந்த மூன்றாம் நாள் என் பிள்ளை பால் குடிப்பதையே மறந்ததுபோலக் கிடந்தது. உடம்பில் காய்ச்சல்கூட இல்லை, சில்லென்று இருந்தது. இரத்தத்தில் கிருமி ஏறியிருக்கலாம் என்று டாக்டரம்மா ஊசி மருந்தைத் தொடங்கி, கிருமித் தொற்றைக் காட்டும் சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். நெகட்டிவ் என்று வந்தது. வந்ததுதான் தாமதம், என் கணவரின் அக்காள் அந்தச் சீட்டை வாங்கி வார்டு முழுக்கக் காட்டினாள், ஏதோ அவளே பரீட்சை எழுதி ஜெயித்த மாதிரி.

கேரளத்து ஆஸ்பத்திரி; டாக்டரம்மா மலையாளத்தில் நிதானமாகத்தான் சொன்னார். கிருமி புகுந்த உடனே சி.ஆர்.பி. அளவு ஏறாது, நேரம் எடுக்கும், அதனால் நாளைக்கு மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை மருந்தை நிறுத்தக் கூடாது என்றார். அக்காளுக்கு என்னைவிட நன்றாகவே மலையாளம் தெரியும். ஆனாலும் நெகட்டிவுக்குப் பிறகு சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போக ஊரிலிருந்து, உதியன்குளங்கரையிலிருந்து, கார் பிடித்துவர ஆள் அனுப்பிவிட்டாள். எனக்குப் பால் பற்றவில்லை, அதை மறைக்கத்தான் பிள்ளைக்குச் சீக்கு என்கிறேன் என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் என் காதுபடவே சொன்னாள். அப்போதே அவளை அறைந்திருக்க வேண்டும்.

"கையளவு பிள்ளை. இனியும் குத்தி எடுக்க அதுல ரத்தம் எங்க உண்டு? வீட்டுக்குப் போவோம்," என்றாள்.

என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒங்க பிள்ளையாக்கும். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுங்க," என்றேன்.

அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார், திரும்பாமலே. அந்த முதுகை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நான் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. கார் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. மறுநாள் நர்ஸ் இரத்தம் எடுக்கையில் பிள்ளையை நானே பிடித்துக்கொண்டேன். ஊசி இறங்கியும் பிள்ளை அழவில்லை. எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று அக்காள் பூரித்தாள். அழக்கூடத் தெம்பில்லாத பிள்ளையின் உள்ளங்காலை நான் சுண்டிப் பார்த்தேன். இந்த முறை பாசிட்டிவ்.

மருந்தை மாற்றினார்கள். சில நாள் கழித்து மறுபடி குத்தியபோது பிள்ளை வார்டே அதிரக் கத்தியது. நான் சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். அக்காள் என்னை ராட்சசி என்றாள்.

இருபத்தெட்டாம் நாள் பிள்ளைக்கு இடுப்புக் கயிறு கட்ட வேண்டியவள், அந்த வீட்டு வழக்கப்படி, அவள்தான். கறுப்புக் கயிற்றோடு வந்து கை நீட்டினாள்.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னு நான் அன்னைக்கே சொன்னேன். ரிசல்ட்டே நெகட்டிவாக்கும்," என்று கூடியிருந்தவர்களிடம் சொன்னாள்.

பிள்ளையை நான் கொடுக்கவில்லை. கயிற்றைப் பிடுங்கி நானே கட்டினேன். முடிச்சு உறுத்திப் பிள்ளை வீறிட்டது. அவள் நன்றாகக் கேட்கட்டும் என்று கொஞ்ச நேரம் அழ விட்டேன்.