பாண் வண்டி மெட்டின் மிச்சம்

இந்த வருஷம், 2013 மே மாதம், மெல்பேர்ணில் இருந்து சிட்னிக்கு ரயிலில் போய் வந்தேன். போனதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, நேசனைத் தேடிப் பிடிப்பது. மற்றது, ஒரு ஜப்பானியப் பாடகியின் சீடியை அவனுக்குப் போட்டுக் காட்டுவது. ரயிலில் போக நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று நேரமும் செலவும் சேர்த்து எழுதுகிறேன். எனக்கு வயது எழுபத்திரண்டு. நூலகத்தில் நடக்கும் சனிக்கிழமை வகுப்பில் எழுத்துப் படித்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஒரு விரலால் தட்டித் தட்டித்தான் எழுதுகிறேன். நீங்களும் ஆறுதலாக, அவசரப்படாமல் வாசியுங்கள்.

நேசன் யாரென்று சொல்லவேண்டும். கொழும்புக்குப் பக்கத்தில், வத்தளையில், நானும் அவனும் ஒரு பேக்கரியின் பாண் வண்டியில் வேலை செய்தோம். பாண் என்றால் பேக்கரி ரொட்டி. மூன்று சக்கர வண்டி. அவன் ஓட்டுவான், நான் பின்னால் இருந்து பாணும் பணிசும் எடுத்துக் கொடுப்பேன். ஆக்களோடு கதைத்துக்கொண்டு நின்று வண்டியைப் பிந்த வைப்பதும் நான்தான். இலங்கையில் இருந்தவர்களுக்குத் தெரியும், பாண் வண்டி வருகிறதென்றால் ஒரு மெட்டுக் கேட்கும். டிங் டிங் என்று ஒரு சின்னத் துண்டு, முடிந்ததும் திரும்பத் தொடக்கத்தில் இருந்து. நான் இங்கே மகளோடு வந்து சேர்ந்தேன். நேசன் பிறகு படகில் வந்து, முகாமில் இருந்து, தற்காலிக விசாவில் வெளியே வந்து, சிட்னியில் ஹோம்புஷ் பக்கம் அறை எடுத்தான். கிழமைக்கு ஒரு தடவை ஃபோனில் கதைப்போம். பெப்ரவரியில் இருந்து அவனுடைய ஃபோன் வேலை செய்யவில்லை. வருத்தம் வந்து படுக்கையில் கிடக்கிறானோ, திரும்ப முகாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களோ என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் விலாசம் சொன்ன காலத்தில் எனக்கு எழுதத் தெரியாது. "ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், சிவப்புக் கல்லு மாடி" என்றது மட்டும் மனதில் நின்றது.

இனி சீடி. நாங்கள் இருப்பது நோபல் பார்க்கில். பக்கத்து வீட்டில் யோக்கோ என்ற ஜப்பானியப் பெண், அறுபது வயது இருக்கும். ஏப்ரலில் ஒரு பின்னேரம் நான் குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு நிற்கிறேன், வெளியே பாண் வண்டி மெட்டுக் கேட்கிறது! இரண்டு டொலர் குத்திக் காசை எடுத்துக்கொண்டு கேற்றடிக்கு ஓடினேன். தெருவில் ஒரு வண்டியும் இல்லை. யோக்கோவின் யன்னலுக்குள் இருந்துதான் வருகிறது. காசும் கையுமாக நின்ற என்னைக் கண்டு அவள் வெளியே வந்தாள். என்னுடைய இங்கிலீசும் அவளுடைய இங்கிலீசும் ஏறக்குறைய ஒரே அளவு. பாண், வண்டி, பாட்டு என்று கையால் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய ஊரில் மண்ணெண்ணெய் விற்கிற வண்டி இப்படிப் பாட்டோடு வருமாம். அதனால் நான் சொன்னது உடனே விளங்கிவிட்டது.

அது ஒரு ஜப்பானியப் பாடகியின் சீடி. ஐரோப்பாவில் முந்தின காலத்துப் பெரியவர்கள் பியானோவுக்கும் வாத்தியக் குழுவுக்கும் செய்த மெட்டுகளை எடுத்து, ஜப்பானிய மொழியில் சொற்கள் போட்டு, இந்தக் காலத்துப் பாட்டாகப் பாடியிருக்கிறாள். மொத்தம் பதினொரு பாட்டு. நாலாவது பாட்டு எங்கள் பாண் வண்டி. "உன் சிநேகிதனுக்குக் கொண்டுபோய்ப் போடு, பிறகு திருப்பித் தா" என்று யோக்கோ சீடியைக் கையில் தந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை 8.30க்கு சதர்ன் குரொஸ் ஸ்டேஷனில் இருந்து ரயில். நோபல் பார்க்கில் இருந்து அங்கே போக முக்கால் மணித்தியாலம். முதியோர் சலுகையில் ஒரு வழிக்கு நாற்பத்தைந்து டொலர் எடுத்தார்கள். தூரம் தொள்ளாயிரத்து ஐம்பது கிலோமீற்றர் அளவில், பதினொரு மணித்தியாலம். ரயில் பெட்டிச் சாப்பாடு விலை. மகள் கட்டித் தந்த புட்டும் முட்டைப் பொரியலும் இருந்தபடியால் தப்பினேன்.

பேத்தியின் பழைய சீடி பெட்டியின் வயரைக் காதில் மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டேன். பாடகிக்கு அடிக்குரல் நல்ல கனம். மெதுவாகத் தொடங்குவாள், பிறகு ஒரு இடத்தில் மேலே ஏறுவாள், நாங்களும் கதிரையில் நிமிர்ந்து இருப்போம். முதல் பாட்டு வழியில் வந்த வங்கராட்டாவின் மஞ்சள் புல்வெளிக்கு அப்படியே பொருந்தியது. மூன்றாவதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்துக்கொண்டு வந்தேன், அல்பரி தாண்டித்தான் ஞாபகம் வந்தது: வங்கிக்கு ஃபோன் எடுத்தால் காத்திருக்கச் சொல்லிப் போடுகிற மெட்டு. அதற்கும் அவள் உயிர் கொடுத்திருக்கிறாள். ஏழாவது எனக்குப் பிடிக்கவில்லை, மேளம் கூடிப்போயிற்று.

நாலாவதை எத்தனை தரம் போட்டேன் என்று தெரியாது. வண்டியில் அந்த மெட்டு ஒரு இடத்தில் அறுந்து திரும்பத் தொடங்கும். சீடியில் அறுபடவில்லை. பியானோ அந்த இடத்தைத் தாண்டிப் போகிறது, அவள் சொற்களோடு சேர்ந்துகொள்கிறாள், வேறொரு அறைக்குள் போனது போல மெட்டுத் திறக்கிறது. அதற்கு மிச்சம் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. அந்த வண்டியில் ஏழு வருஷம் இருந்தேன்!

சீடிக்குள் ஒரு சின்னப் புத்தகம், பாட்டுகள் ஜப்பானிய எழுத்தில். விரித்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த கோட் போட்ட மனிதரும் எட்டிப் பார்த்து, தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று கையை விரித்தார். ஒரு எழுத்தும் தெரியாத இரண்டு பேராக கோல்பர்ன் வரை சிநேகிதமாகப் போனோம். முன்பென்றால் எந்தப் பக்கமும் எனக்கு இப்படித்தான், ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு வெட்கப்படுவேன். இந்தத் தடவை வெட்கம் வரவில்லை.

சிட்னியில் இறங்க இரவு ஏழரை. அங்கிருந்து லிட்கம் இருபத்தைந்து நிமிஷம். என் மனைவியின் தங்கை மகள் சுகந்தி அங்கே இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். மறுநாள் சனிக்கிழமை அவளுக்கு லீவு. காரில் ஹோம்புஷ் பத்து நிமிஷம்.

ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெருவில் காரை விட்டு இறங்கிப் பார்த்தால், சிவப்புக் கல்லு மாடிகள் ஆறு நிற்கின்றன. ஆறும் ஒரே அச்சு. வாசல் கதவுகள் பூட்டு. கடிதப் பெட்டிகளில் இலக்கங்கள் மட்டும், ஒரு பெயர் இல்லை. எழுத்துப் படித்துக்கொண்டு வந்தவனுக்கு வாசிக்க ஒன்றும் இல்லை. இரண்டு வாசலில் மணி அடித்தோம். ஒரு சீனக் கிழவர் தலையாட்டிவிட்டுப் போனார். மற்றதில் இந்தியாவில் இருந்து வந்த தமிழ்ப் பையன் ஒருவன், "தெரியலையே சார், நான் வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு" என்றான்.

"பெரியப்பா, எல்லா மணியும் அடிக்கேலாது. ஆக்கள் கம்ப்ளெய்ன் பண்ணுவினம்," என்றாள் சுகந்தி.

"அப்ப காரில சீடியைப் போடு. நாலாவது. கண்ணாடி நாலையும் இறக்கு."

"தெருவிலயோ? பொலிஸ் வரும்!"

"வரட்டும். அவைக்கும் பாண் குடுப்பம்."

போட்டாள். சத்தத்தை நான்தான் முழுக்கத் திருகினேன். பியானோ தொடங்கியது. முதல் இரண்டு மாடிகளுக்கு முன்னால் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதுக்கு முன்னால் காரை மெதுவாக உருட்டுகிறபோது மேலே ஒரு யன்னல் திறந்தது. தலையில் துவாய் கட்டிய ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஆரது பாண் கொண்டு வந்தது?"

"பாண் இல்லை பிள்ளை, பாட்டு மட்டும்தான்!"

"என்ன விளையாட்டு இது? நான் பேர்ஸை எடுத்துப்போட்டன்!"

பின்வாசலால் சாரம் கட்டிய ஒருவர் பையோடு வந்தார். எதிர்ப்பக்க மாடியில் இருந்து ஒரு சிங்களப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடி இறங்கி வந்தாள். பாடகி வாய் திறந்து ஜப்பானிய மொழியில் பாடத் தொடங்க, எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் நேசனின் பெயரைச் சொன்னேன்.

"ஓம், நேசன் அண்ணை இஞ்சைதான், கீழ் வீடு. இரவு வேலை. பகலில அந்தாள் கதவு திறக்காது," என்றாள் துவாய் கட்டிய பெண்.

ஆனால் கதவு திறந்துதான் இருந்தது. நேசன் தலை வாராமல், செருப்பு இல்லாமல் படியில் நின்றான். மெலிந்திருந்தான். என்னைப் பார்த்தான், காரைப் பார்த்தான்.

"என்ன அண்ணை, இப்பவும் பிந்தித்தான் வாறியள். ஆக்களோட கதைச்சுக்கொண்டு நிண்டிருப்பியள்."

அவனைக் காருக்குள் இருத்தி, பாட்டை முதலில் இருந்து போட்டேன். வழக்கமாக அறுகிற இடம் வந்தது, தாண்டியது. நேசன் கையை உயர்த்தினான்.

"பொறுங்கோ. இதுக்கு மிச்சம் இருக்கே?"

"இருக்கு. இந்தப் பிள்ளை முழுக்கப் பாடியிருக்கு."

"அப்ப நாங்கள் இவ்வளவு காலமும் தொடக்கத்தை மட்டும்தானே கொண்டு திரிஞ்சனாங்கள்!"

சிரித்தான். சிரித்து முடிந்த பிறகுதான் சொன்னான். பெப்ரவரியில் அவனுடைய அகதி விசாவை மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு போட்டிருக்கிறான், முடிவு தெரியாது. "எல்லாரும் என்ன நடந்தது, என்ன நடந்தது எண்டு கேக்கினம். சொல்ல வாய் வரேல்லை. ஃபோனை நிப்பாட்டிப்போட்டன். உங்களுக்குச் சொல்லத்தான் கூடக் கஷ்டமாக் கிடந்தது."

"நான் விசாவைக் கேக்க வரேல்லை. பாட்டுப் போட வந்தனான்," என்றேன்.

இதற்குள் சுகந்தி மூலைக் கடைக்குப் போய் நாலு பாண் வாங்கி வந்துவிட்டாள். இறங்கி வந்த சனத்தை வெறும் கையோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. துவாய் கட்டிய பெண் பருப்பும் சம்பலும் கொண்டுவந்தாள். சீடி பதினொரு பாட்டும் ஓடி முடிய, நாலு பாணும் முடிந்தது. புறப்படுகிறபோது நேசனின் புது இலக்கத்தையும் விலாசத்தையும் நானே ஒரு துண்டில் எழுதினேன். அவன் பேனையைப் பார்த்துக்கொண்டே நின்றான். "அண்ணை, எழுதுறியள்!" என்றான். "தெரு இலக்கத்தைத் திரும்பச் சொல்லு," என்றேன், ஒன்றும் நடவாதது போல.

திங்கள் காலை 7.40 ரயிலில் திரும்பினேன். போகிறவர்களுக்கு: வடக்கே போகிறபோது இடப்பக்க யன்னல் நல்லது, பின்னேர வெயில் அந்தப் பக்கம். கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டி குளிர். விலாசத்தைக் கட்டாயம் எழுதி வையுங்கள். ஜப்பானியப் பாட்டு விளங்காதே என்று பயப்படவேண்டாம், ஏழாவதை மட்டும் விட்டுவிடலாம். நாலாவதை எங்கள் ஆட்கள் இருக்கிற மாடிகளுக்குக் கீழே போடுவதானால் முதலே பாண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சீடியை யோக்கோவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நேசனுக்கு முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் ஃபோன் வேலை செய்கிறது. நேற்று அவனே எடுத்தான். லீவு கேட்டிருக்கிறானாம், அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மெல்பேர்ண் வருகிறான், யோக்கோவையும் பார்க்கவேண்டுமாம்.

"ஸ்டேஷனுக்கு நேரத்தோட வாங்கோ அண்ணை," என்றான். "வழியில ஒருத்தரோடையும் கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ."