பகல் தூக்கத்துக்குக் காவல்

டென்மார்க்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் படிக்கட்டில் அவ்வப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கும். வரும் சனிக்கிழமை என் வீட்டில் ஃபெஸ்ட், அதாவது விருந்துக் கொண்டாட்டம், கொஞ்சம் சத்தமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது எழுதியிருப்பார்கள். இன்னும் போடாத சத்தத்துக்கு மன்னிப்பு. போன வசந்தத்தில் மேல்வீட்டு யேன்ஸ் அப்படி ஒட்டியபோது படியில் அவரை நிறுத்தி, நன்றாகச் சத்தம் போடுங்கள், எனக்கு அது வேண்டும் என்று சொன்னேன். என் டேனிஷில் அது குத்தலாகப் போய் விழுந்ததோ என்னவோ, மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. சனிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் மேலே பாட்டு நின்றுபோனது. மறுநாள் என் கதவருகே ஒரு பூந்தொட்டியும் இன்னொரு மன்னிப்பும் இருந்தன. அன்றைய அமைதியில் ஃப்ரிட்ஜ் மூச்சுவிடுவது கேட்டது.

எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். ஆஸ்பத்திரி லேபில் வேலை, வீட்டில் தனி ஆள், வேண்டிய மட்டும் அமைதி. ஆனால் இரண்டு வருடமாக ஒரு வரி வரவில்லை. வசனகவிதை என்று இரண்டு தொகுப்பு போட்டவள், கடைக்குப் போகும் சீட்டைத் தவிர வேறெதுவும் எழுதாமல் இருக்கிறேன். வெளிநாட்டில் உட்கார்ந்து தமிழில் எழுதுகிற உங்களில் சிலருக்கு இந்தப் பயம் தெரிந்திருக்கும். கிணறு வற்றிவிட்டதா, நாம்தான் கயிற்றைத் தொலைத்துவிட்டோமா என்று தெரியாத பயம்.

என் கவிதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நெய்வேலியில் அப்பாவின் நைட் ஷிப்டிலிருந்து என்றுதான் சொல்வேன். அப்பா அனல்மின் நிலையத்தில் ஃபிட்டர். நைட் ஷிப்ட் வாரங்களில் காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணிவரை எங்கள் குவார்ட்டர்ஸில் யாரும் வாய்விட்டுப் பேசக்கூடாது. அம்மா ஜன்னலில் கனத்த போர்வையைத் தொங்கவிடுவாள். பட்டப்பகலில் ஜன்னலில் போர்வை தொங்கினால் எங்கள் பிளாக்கில் ஒருவரும் கேட்டைத் தட்டமாட்டார்கள். பால்காரர்கூட சைக்கிள் மணியைக் கையால் பொத்திக்கொண்டு கடந்துபோவார். நாங்கள் கிசுகிசுத்தே வளர்ந்தோம். கிசுகிசுப்பில் நீளமான வாக்கியம் நிற்காது. அப்பா புரண்டு படுத்தால் அம்மா பாதிப் பேச்சில் நின்றுவிடுவாள். குறட்டை திரும்பிய பிறகுதான் மீதி வரும். வரியை எங்கே முறிப்பது என்று எனக்கு வேறு யாரும் சொல்லித்தரவில்லை. கிசுகிசுப்பிலும் தெறித்துக்கொண்டு வரும் சொற்களைத் தள்ளிவிட்டு மெத்தென்று விழும் சொல்லைத் தேடுவோம். சொல்ல முடியாமல் போனதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். அவ்வளவுதான் என் பயிற்சி.

எழுந்ததும் அப்பாவே குறைப்பட்டுக்கொள்வார். “ஏட்டி, வீடு ஏன் இப்படி அமந்து கெடக்கு? ஏதாச்சும் பேசுங்களேன்.”

டென்மார்க்கின் மௌனத்தில் யாரும் தூங்கவில்லை. யாருக்காகவும் காக்கப்படாத மௌனம் அது. அதில் என் சொற்களுக்கு வேலையில்லாமல் போயிற்று என்று தோன்றியது. அதனால்தான் இந்த மாதம் விடுமுறை போட்டு நெய்வேலிக்கு வந்தேன். அப்பா ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அம்மாவோடு சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டார். இருவருமே இப்போது இல்லை. பிறந்த ஊரில் எனக்கு வீடு கிடையாது. பக்கத்து மந்தாரக்குப்பத்தில் ஒரு லாட்ஜ் அறையில் இருக்கிறேன். பஸ் ஹாரனுக்கு நடுவே நான்கு நாள் தாளை வெறித்துப் பார்த்தும் ஒன்றும் வராமல், ஐந்தாம் நாள் மதியம் டவுன்ஷிப்புக்குள் நடந்தேன். எங்கள் பழைய குவார்ட்டர்ஸின் கூடத்தில் ஒரு மணிநேரம் உட்கார அனுமதி கேட்பதாகத் திட்டம்.

வீடு அப்படியே இருந்தது. பெயின்ட் மட்டும் வேறு. ஜன்னலில் நீலப் போர்வை தொங்கியது. துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு காலிங் பெல்லை அழுத்தினேன். நான்தான். இரண்டு தடவை.

கதவு திறந்த பெண் பேசவில்லை, மூச்சால் சொன்னாள். “எதா இருந்தாலும் நாலு மணிக்கு மேல வாங்க. நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து படுத்துகினு இருக்காரு.”

அதற்குள் உள்ளே கட்டில் முனகியது. என் தொகுப்புகளில் பாதி எதைப் பற்றியதோ அதை நானே ஒரு விரலால் உடைத்துவிட்டேன். கண் சிவந்து, லுங்கியை இறுக்கிக்கொண்டே வந்தார் அந்த மனிதர். பழனி என்று பெயர், மைன்ஸில் நிலக்கரி ஏற்றிவரும் கன்வேயர் பெல்ட்டில் வேலை. அன்று இரவும் அவருக்கு ஷிப்ட் இருந்தது. தூக்கமில்லாமல் பெல்ட் பக்கத்தில் நிற்பது எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியும். இது நான் பிறந்த வீடு, வெளிநாட்டிலிருந்து வருகிறேன், கவிதை எழுதுவேன் என்று உளறினேன்.

அவர் மனைவி செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “கவிதைக்கு எங்க வூட்டு ஆளோட தூக்கம்தான் கெடச்சிதா, அக்கா?”

பழனி சிரித்துவிட்டார். ராத்திரி முழுக்க பெல்ட் இரைச்சலில் நிற்கிறவனுக்கு வீட்டில் ஒரு கரண்டி விழுந்தால் விழிப்பு வந்துவிடும் என்றார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கவைத்தார். அவருடைய ஊர் எது என்று கேட்டேன். வெறும் உபசாரத்துக்குக் கேட்டதுதான்.

“ஊரையே மைன்ஸுக்குத் தோண்டிட்டாங்க, எங்க வூடு இருந்த எடம் இப்ப அந்தப் பள்ளத்துக்குள்ள இருக்குதுங்க. ஷிப்டுக்கு எறங்கும்போது, இங்கதான் மாடு கட்டுவோம்னு நெனச்சிக்குவேன். அதுகூட மேலயா கீழயான்னு சரியா தெரியாது. உங்களுக்கு பெல் அடிக்க ஒரு கதவாவது நின்னுகினு இருக்குதே.”

கோபமில்லாமல், தண்ணீர் குடித்தபடி சொன்னார். இருபது வருடமாக என் இழப்பை நான் வரிவரியாக மெருகேற்றிக்கொண்டிருந்தேன். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் டம்ளரைக் கீழே வைத்தேன், சத்தம் வராமல்.

அவரை மறுபடி படுக்க அனுப்பிவிட்டு செல்வி என்னை வாசலுக்குக் கூட்டிவந்தாள். பாப்பாவை ஸ்கூலிலிருந்து அழைத்துவரவேண்டும், வழியில் காய் வாங்கவேண்டும், ஒரு மணிநேரம் ஆகும் என்றாள்.

“நான் வர்ற வரைக்கும் இப்பிடி படியில குந்திகினு இருங்க. ஒருத்தரையும் பெல்லுல கை வைக்க வுடாதீங்க. அதான் உங்களுக்குத் தண்டனை.”

கூடத்தில் உட்கார வந்தவள் படியில் உட்கார்ந்தேன். கூரியர்காரர் வந்தார், எழுந்து ஓடி கேட்டிலேயே வாங்கிக்கொண்டேன். கீரைக்காரம்மா கூவ வாயெடுத்தபோது கைகூப்பினேன். கொஞ்சநேரம் கழித்து, குடை பிடித்தபடி அந்தத் தெருவில் நடந்துவந்த ஒரு பெரியவர் நின்று என்னைக் கூர்ந்து பார்த்தார்.

“நீங்க இந்த வூட்டுக்காரங்களா?” என்று உரக்கக் கேட்டார்.

உதட்டில் விரலை வைத்து ஜன்னலைக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. ஆமாம் என்று நான் சொன்னதாகவும் எடுத்துக்கொண்டார் போல; தலையசைத்துவிட்டு, செருப்புச் சத்தத்தைக் குறைத்து நடந்துபோனார்.

முகத்தைத் தெருவுக்கும் முதுகை வீட்டுக்கும் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். அப்பா படுத்த அறையிலிருந்து முன்பின் அறியாத ஒருவரின் குறட்டை மெல்ல ஆரம்பித்து, சீராகி, நிலைத்தது. அப்போது அந்த வரி வந்தது. முழுதாக, எங்கே முறியவேண்டுமோ அங்கே முறிந்து. நோட்டு பைக்குள் இருந்தது. பையின் ஜிப்பை இழுத்தால் சத்தம் கேட்கும். செல்வி வரும்வரை அந்த வரியை உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.