பெரியப்பா கட்டாத கப்பல்

“பொட்டப்புள்ள போட்ட கோட்டுல பேழை கட்டுனா, மழை வர்றதுக்கு முன்னாலயே நோவா முழுகிப் போவாரு, அம்மிணி.”

உதடுகளுக்கு நடுவே ஆணிகளைக் கவ்விக்கொண்டே பெரியப்பா இதைச் சொன்னார். வேதக்கோயில் முற்றமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை என்பதால், தலை கொஞ்சம் நிமிர்ந்தேதான் இருந்தது.

குன்னூருக்குக் கீழே எங்கள் தேயிலை எஸ்டேட். அந்த மே மாதக் கோயில் பண்டிகைக்கு, பிள்ளைகள் உள்ளே ஏறி நடக்கிற அளவுக்கு நோவாவின் பேழையை மரத்தில் கட்டுவதென்று கோயிலில் பிரசங்கம் செய்கிற உபதேசியார் முடிவு செய்திருந்தார். வேலையைப் பெரியப்பாவிடம் ஒப்படைத்தார்கள். ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கிற மிஸ்திரி அவர். வீட்டிலும் மூத்தவர். அண்ணன் முன்னால் இருமுவதற்குக்கூட அப்பா யோசிப்பார்.

பெரியப்பா கப்பல்தான் கட்ட ஆரம்பித்தார். கூரான மூக்கு, உப்பிய வயிறு, நடுவில் பாய்மரம். சில்வர் ஓக் பலகையை ஊறவைத்து வளைத்தார். அது ‘பட்’டென்று முறிந்தது. அடுத்ததும் முறிந்தது. முதலில் மரத்தைத் திட்டினார், பிறகு குளிரை, கடைசியில் வேடிக்கை பார்த்தவர்களின் கண்ணை.

வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே மாலை ஜெபத்தில் வேதம் வாசிப்பது என் வேலை. அதில் பேழைக்கு நீளம், அகலம், உயரம், ஒரு ஜன்னல், பக்கத்தில் ஒரு கதவு எல்லாம் சொல்லியிருந்தது. மூக்கும் இல்லை, பாயும் இல்லை, துடுப்பும் இல்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், எல்லா அளவையும் பத்தில் ஒன்றாகக் குறைத்துப் படம் போட்டேன்: முப்பது முழ நீளம், ஐந்து முழ அகலம், மூன்று முழ உயரம். அதைப் பார்த்துத்தான் பெரியப்பா நோவாவை மூழ்கடித்தார்.

“பேழைன்னா கப்பல் இல்லீங்க பெரியப்பா, பெட்டி. நீங்க தெனமும் அடிக்கிற மாதிரிப் பெட்டிதானுங்க.”

“நோவா என்ன தேயிலைத் தூளையா ஏத்தி உட்டாரு?”

மறுபடியும் சிரிப்பு.

“கப்பல்னா எங்கியாச்சும் போகோணும். ஒலகமே தண்ணியாக் கெடக்குறப்ப அவரு எங்கீங்க போவாரு? மெதந்தாப் போதுமில்ல?”

சிரிப்பு நின்றது. உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “புள்ள சொல்றதுல ஞாயம் இருக்குதுங்க மிஸ்திரி” என்றார்.

பிடி கிடைத்த இடத்தில் பிடித்துக்கொள்ள எனக்கு அப்போதே தெரியும். “முழத்துக்கு உங்க கை, கணக்குக்கு என் கை. கட்டி நின்னுதுன்னா என்னைக் குன்னூருக்கு ஒம்பதாவது படிக்க அனுப்போணும்.”

பண்டிகை முடிந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி, என்னைக் கொழுந்து கிள்ள அனுப்புவதாக அவர் முடிவு செய்திருந்தது எங்கள் லயன் வீடுகள் முழுக்கத் தெரியும். பெரியப்பா வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

“நிக்கட்டும், பாக்கலாம்.”

பெட்டி என்று ஒப்புக்கொண்டதும் அவருடைய சுத்தியல் பறந்தது. மூலைக்குச் சட்டம், விளிம்புக்குத் தகரப் பட்டை. எங்கள் பேழையைப் பார்த்தால் கொச்சி துறைமுகத்துக்குப் புறப்படத் தயாரான ராட்சதத் தேயிலைப் பெட்டி போலவே இருந்தது.

பண்டிகையன்று பிரசங்கத்தின் நடுவில் மழை கொட்டியது. காற்றில் பந்தல் சரிந்து கோயில் வாசலை அடைத்துக்கொண்டது. வேறு ஒதுங்குமிடம் இல்லாமல் மொத்தச் சனமும் பேழைக்குள் ஓடியது. ஜோடி ஜோடியாக அல்ல, முட்டி மோதிக்கொண்டு. காணிக்கை ஏலத்துக்குக் கட்டியிருந்த சேவலும் ஆடும்கூட வந்து சேர்ந்தன. பேழை ஒருமுறை முனகியது. பிறகு உறுதியாக நின்றது.

“மிஸ்திரி கட்டுன பேழை எங்களைக் காப்பாத்திருச்சுங்க!” என்றார் உபதேசியார். எல்லோரும் கைதட்டினார்கள். பெரியப்பா அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

“படம் நான் போட்டதுங்க!” என்று கத்தினேன்.

அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. வாயை மூடச் சொல்கிறாள் என்று நினைத்து உதறினேன். பெரியப்பா எதிரில் தலைநிமிர்ந்து பேசியறியாத அம்மா, “ஆமாங்க, புள்ள போட்டதுதானுங்க. சொன்ன சொல்லும் இருக்குதுங்க” என்றாள்.

“மழை உடட்டும், பேசிக்கலாம்” என்றார் பெரியப்பா.

மழை விட்டது. அவர் பேசவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற நாள் வரை பேசவில்லை. நானும் மறுபடி கேட்பதாக இல்லை. அன்று காலை பையை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினேன். அம்மா கொழுந்து வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள்.

பஸ் வந்தபோது அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லயனிலிருந்து பெரியப்பா வந்தால் ஏறி வர வேண்டிய ஒற்றையடிப் பாதையை அடைத்தபடி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். முதல் நாளில் மகளுக்குக் கையசைக்கக்கூடத் தோன்றவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே படியேறி, நடத்துநரிடம் குன்னூருக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன்.